கரும்பலகையில் சாப்பாடு!

ஹோட்டலுக்குப் போனதும் நாம் முதலில் தேடுவது மெனு கார்டைத்தானே குட்டீஸ்? லண்டனில் ஃபேரிங்டன் சாலையில் ‘தி ஈகிள்’ என்று ஒரு கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு மெனு கார்டுக்குக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் வகுப்பில் இருப்பது போலவே மேலே ஒரு கரும்பலகை. அன்றைக்கு என்னென்ன சமையல் என்று அதில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்.

எண்ணிப் பார்த்தால் சில வரிகள்தான் தேறும். ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். காலையில் சந்தையில் எது புதிதாகக் கிடைத்ததோ அதை வாங்கி வந்து, அன்றே சமைத்து, அன்றே தீர்த்துவிடுவார்கள். இரவுக்குள் ஏதாவது தீர்ந்துபோனால் அந்த வரியை டஸ்டரால் அழித்துவிடுவார்கள். இருநூறு அயிட்டம் அச்சடித்த கார்டு வைத்திருக்கும் கடையில் இது முடியுமா? எனக்கென்னவோ குட்டிப் பலகை வைத்திருக்கும் கடை மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இப்படி எளிமையாக, ஆனால் அழகாக, கோட்டு சூட்டு போடாமலேயே போய் நல்ல சாப்பாடு சாப்பிடும் கடைகளைத்தான் ‘பிஸ்ட்ரோ’ என்கிறார்கள். பழைய ‘பப்’ எனப்படும் மதுக்கூடத்துக்குள் இப்படி ஒரு சமையலறை வந்தால் அதற்கு ‘கேஸ்ட்ரோபப்’ என்று பெயர். தி ஈகிள் இந்த இரண்டாவது வகை. அந்த வகைக்கே அதுதான் முன்னோடி!

பெயர் வந்த கதை

பிஸ்ட்ரோ என்பது பிரெஞ்சுச் சொல். பாரீஸ் நகரத் தெருக்களில் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அந்தப் பெயர். அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு சுவையான கதை சொல்வார்கள்.

1814-ஆம் ஆண்டு, நெப்போலியனைத் தோற்கடித்துவிட்டு ரஷ்யப் படை பாரீசுக்குள் நுழைந்தது. பசியோடு ஒரு கடைக்குள் புகுந்த சிப்பாய்கள் மேஜையைத் தட்டி, “பிஸ்த்ரோ! பிஸ்த்ரோ!” என்று கத்தினார்களாம். ரஷ்ய மொழியில் அதற்கு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அர்த்தம். பாரீசில் ஒரு பழைய ஹோட்டலின் சுவரில் இந்தக் கதையைப் பலகையாகவே பதித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால், மொழி ஆராய்ச்சியாளர்கள் இதை நம்புவதில்லை. பிரெஞ்சு எழுத்தில் அந்தச் சொல் முதன்முதலில் தலைகாட்டுவது 1880களில்தான். 1814-ல் பிறந்த சொல் எழுபது வருடம் யார் கண்ணிலும் படாமல் எங்கே ஒளிந்திருந்தது? நியாயமான கேள்விதானே! சுவரில் பதித்திருப்பதெல்லாம் சரித்திரம் ஆகிவிடாது.

முட்டை ஒன்றே ஒன்று

பிரெஞ்சுக் கடையின் பெயர் பிரிட்டனுக்கு ஏன் வந்தது? அங்கே நல்ல சாப்பாட்டுக் கடைகள் இல்லையா என்று கேட்பீர்கள். பல வருடங்கள் இல்லை என்றே சொல்லலாம். ‘இங்கிலாந்துச் சாப்பாடு’ என்றாலே பக்கத்து நாட்டுக்காரர்கள் சிரித்த காலம் அது. வேகவைத்தே சாயம் போன முட்டைக்கோஸ், கஞ்சி போல ஒரு சாறு, செருப்புத் தோல் மாதிரி கறி!

இதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு உணவு ஏற்றி வந்த கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அதனால் 1940 ஜனவரியில் ரேஷன் வந்தது. பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை; வெண்ணெய் பெரும்பாலும் 57 கிராம். ஹோட்டல்களையும் விடவில்லை. 1942 முதல், எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங்குக்கு மேல் வாங்கக் கூடாது, மூன்று வகைக்கு மேல் பரிமாறக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அரசனே வந்தாலும் அவ்வளவுதான்!

மிட்டாய்க்கும் ரேஷன்தான். போர் 1945-ல் முடிந்தும் அது போகவில்லை. 1949-ல் மிட்டாய் ரேஷனை எடுத்துப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கடைகளில் இருந்த மிட்டாய் கிடுகிடுவென்று காலியாகி, சில மாதங்களிலேயே மறுபடியும் ரேஷன்! கடைசியில் 1953 பிப்ரவரியில்தான் மிட்டாய்க்கு விடுதலை கிடைத்தது. இறைச்சிக்கு 1954 ஜூலை வரை ரேஷன் நீடித்தது. ஆக மொத்தம் 14 வருடம். அந்த வருடங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்ல சமையல் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. ஆலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் மருந்துக் கடையில் குட்டி பாட்டிலில் வாங்க வேண்டும். அதுவும் காதில் விட்டுக்கொள்வதற்கு!

ரேமண்ட் போஸ்ட்கேட் என்ற எழுத்தாளருக்கு இது பொறுக்கவில்லை. பிரிட்டனில் விலங்குகளை வதைப்பதைத் தடுக்க ஒரு புகழ்பெற்ற சங்கம் உண்டு. அதே மாதிரி ‘உணவை வதைப்பதைத் தடுக்கும் சங்கம்’ ஒன்று வேண்டும் என்று வேடிக்கையாக எழுதினார். படித்தவர்கள் சிரித்துவிட்டு விடவில்லை. ‘நானும் சேர்கிறேன்’ என்று முன்வந்தார்கள். ‘உங்கள் ஊரில் எந்தக் கடையில் நல்ல சாப்பாடு கிடைக்கிறது? சாப்பிட்டுப் பார்த்து எழுதி அனுப்புங்கள்’ என்றார் அவர். அந்தக் கடிதங்களைத் தொகுத்து 1951-ல் ‘குட் ஃபுட் கைடு’ என்ற புத்தகம் வந்தது. எழுதியவர்கள் எல்லோரும் சாதாரண மக்கள். கடைக்காரர்களோ, ‘நம் கடையில் சாப்பிடுகிறவர்களில் யார் எழுதி அனுப்பப் போகிறாரோ’ என்று கொஞ்சம் பயந்து சமைக்க ஆரம்பித்தார்கள்.

(இந்த ரேமண்டின் மகன் ஆலிவர் போஸ்ட்கேட் யார் தெரியுமா? ‘பேக்பஸ்’ என்ற துணிப்பூனை வரும் குழந்தைகள் டி.வி. தொடரை உருவாக்கியவர். பிரிட்டனில் தாத்தா பாட்டிகள் இன்றும் அந்தப் பூனையைப் பற்றிப் பேசுவார்கள்.)

பணம் இல்லாத இரண்டு பேர்

1960களில் லண்டனில் பிரெஞ்சு பாணியில் பிஸ்ட்ரோக்கள் பரவின. கட்டம் போட்ட மேஜை விரிப்பு, காலி பாட்டிலின் வாயில் செருகிய மெழுகுவர்த்தி. பார்க்க அழகுதான். ஆனாலும் நிஜமாகவே நல்ல சாப்பாடு வேண்டுமென்றால் அப்போதும் பெரிய பணக்கார ஹோட்டலுக்குத்தான் போக வேண்டும். அங்கே கழுத்தில் டை இருக்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் மெனு. பணியாளர் வந்து நின்றாலே வயிற்றைக் கலக்கும்!

டேவிட் அயர், மைக்கேல் பெல்பென் என்ற இரண்டு நண்பர்களுக்குச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைக்க ஆசை. ஆனால் அதற்கு வேண்டிய பணம் இல்லை. அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. பெரிய பீர் ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்களைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1989-ல் வந்த உத்தரவு அது. ஆலைகள் பப்களைக் கைமாற்றிவிட, அவை குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. 1991-ல் நண்பர்கள் இருவரும் தி ஈகிளை எடுத்தார்கள்.

சமையலறை கட்ட இடமில்லை. சரி, பானம் ஊற்றிக் கொடுக்கும் மேடைக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்தார்கள். அதனால் சமைப்பது எல்லோருக்கும் தெரியும். நாற்காலியும் மேஜையும் பழசாக வாங்கினார்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. தட்டுகளும் அப்படியே. மெனு அச்சடிக்கவில்லை, கரும்பலகை போதும். பணம் இல்லாததால் செய்த இந்த ஏற்பாடெல்லாம் பிறகு நாடு முழுக்க நாகரிகமாகிவிட்டது! இன்று பிரிட்டனில் எத்தனையோ கடைகள் வேண்டுமென்றே வேறு வேறு நாற்காலிகளைத் தேடிப் பிடித்து வாங்கிப் போடுகின்றன.

இன்னொரு கடை ‘செயின்ட் ஜான்’. 1994-ல் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் திறந்தார்கள். அந்தக் கட்டடம் முன்பு பன்றி இறைச்சிக்குப் புகை போடும் கூடமாக இருந்தது. அதற்கு வெள்ளையடித்தார்கள்; கோட்டு மாட்ட சுவரில் வரிசையாக மர முளைகள் அடித்தார்கள். படம் இல்லை, பூச்செண்டு இல்லை. அங்கே சமையலுக்குப் பொறுப்பேற்ற ஃபெர்கஸ் ஹெண்டர்சன் படித்தது கட்டடக் கலை! ‘ஓர் உயிரைக் கொன்று சாப்பிடுவதென்றால், நல்ல துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வீசுவது அதற்குச் செய்யும் அவமரியாதை’ என்பது அவர் கருத்து. அதனால் மூக்கு முதல் வால் வரை எல்லாவற்றையும் சமைத்தார். அவருடைய புகழ்பெற்ற பதார்த்தம் எது தெரியுமா? அடுப்பில் வாட்டிய நல்லி எலும்பு! உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் குட்டிக் கரண்டியால் தோண்டி, சுட்ட ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும்.

உள்ளே போகலாமா?

முன்பென்றால் உங்களை பப்புக்குள் விட்டிருக்கவே மாட்டார்கள். 14 வயது ஆகாதவர்கள் மதுக்கூடப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. 1990களின் நடுவில்தான் அது தளர்ந்தது. இப்போது சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்களோடு பிள்ளைகள் தாராளமாக வருகிறார்கள்.

உட்கார்ந்ததும் பணியாளர் வந்து ஒரு கேள்வி கேட்பார். “எந்தச் சாப்பாடாவது ஒவ்வாமல் போகுமா?” மரியாதைக்குக் கேட்பதாக நினைக்காதீர்கள். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், கடுகு, மீன், இறால், கோதுமை என்று 14 வகைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்லியே ஆக வேண்டும். 2014 டிசம்பர் முதல் அங்கே இது சட்டம்.

பொட்டலத்தில் அடைத்த உணவுக்கு இதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. அதற்குக் காரணம் நடாஷா என்ற சிறுமி. அவளுக்கு எள் ஒத்துக்கொள்ளாது. 2016-ல் விடுமுறைக்குக் கிளம்பியவள், விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச் வாங்கினாள். வாங்குமுன் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தேடித்தான் பார்த்தாள். எள் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் ரொட்டி மாவுக்குள் எள் கலந்திருந்தது. விமானத்திலேயே உடல் மோசமாகி அன்றே இறந்துபோனாள். அவளுக்கு வயது 15. கடையிலேயே செய்து அடைத்து விற்கும் உணவுக்கு முழு விவரம் ஒட்ட வேண்டாம் என்பதுதான் அப்போதைய விதி. நடாஷாவின் அப்பாவும் அம்மாவும் போராடினார்கள். 2021 அக்டோபரில் விதி மாறியது. ‘நடாஷா சட்டம்’ என்றே அதை அழைக்கிறார்கள்.

ஆகவே, உங்களுக்கு எதையாவது சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும் என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீருக்கும் கூச்சப்பட வேண்டாம். ‘குழாய்த் தண்ணீர்’ என்று கேட்டால், மது விற்கும் உரிமம் உள்ள கடைகள் இலவசமாகத் தர வேண்டும். பாட்டில் தண்ணீர் என்றால் காசு!

முதலில் வருவது சூப். பழைய ஆங்கிலேயக் கடைகளின் சூப் பட்டியலில் ‘மல்லிகடானி’ என்று ஒன்று இருக்கும். சத்தமாக நாலு தரம் சொல்லிப் பாருங்கள்... மல்லிகடானி... மிளகுத்தண்ணி! நம் தமிழ்ச் சொல்லேதான். சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் ரசத்தைக் குடித்துப் பழகி, அதில் கறியைப் போட்டு, சோற்றையும் ஆப்பிளையும்கூடச் சேர்த்துத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அதைக் குடித்தால் ரசம் என்று நம் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார்.

சூப்பைக் கரண்டியால் நம் பக்கம் இழுக்காமல், எதிர்ப்பக்கமாகத் தள்ளி எடுப்பது அவர்கள் வழக்கம். வலது கையில் கத்தி, இடது கையில் முள்கரண்டி. ரொட்டியைக் கத்தியால் நறுக்காமல் கையால் பிய்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைத்தால், ‘தட்டை எடுக்கலாம்’ என்று சொல்லாமல் சொன்னதாக அர்த்தம். பிஸ்ட்ரோவில் இதிலெல்லாம் தப்புச் செய்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கையால் எடுத்துத் தின்பவர்கள் பக்கத்து மேஜையிலேயே இருப்பார்கள்!

ஞாயிறு மதியம் என்றால் பலகையில் ‘ரோஸ்ட்’ கட்டாயம் இருக்கும். வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கள். கூடவே ‘யார்க்‌ஷயர் புட்டிங்’. பெயரைப் பார்த்து இனிப்பு என்று ஏமாறாதீர்கள். மைதா, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவுபோல் கரைத்து, புகை வருமளவு காய்ந்த கொழுப்பில் ஊற்றி அடுப்புக்குள் வைப்பார்கள். மாவின் ஓரம் உடனே இறுகிவிடும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் முட்டும். விளைவு, நம் பூரி மாதிரியே புஸ்ஸென்று உப்பி, நடுவில் குழியாகி, கிண்ணம்போல் நிற்கும். அந்தக் காலத்தில் இதைத்தான் முதலில் பரிமாறுவார்களாம். பிள்ளைகள் இதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் விலை அதிகமான இறைச்சி கொஞ்சம் போதுமே!

சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது? இப்போது கவலையில்லை, பலகையில் அவர்களுக்கும் ஏதாவது இருக்கும். ஒரு காலத்தில் பெரிய கஷ்டம். 1888-ல் சட்டம் படிக்க லண்டனுக்கு வந்த ஓர் இந்திய இளைஞர், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் அரைப் பட்டினியாக நாள் நாளாக நடந்து திரிந்தார். கடைசியில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. இங்கிலாந்து வந்த பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம். அவர்தான் காந்தி! அந்த உணவகம் இருந்த ஃபேரிங்டன் தெரு எங்கே தெரியுமா? தி ஈகிள் இருக்கும் ஃபேரிங்டன் சாலையில் தெற்கே நடந்துகொண்டே போனால் அந்தத் தெருவில்தான் போய்ச் சேருவீர்கள்.

இனிப்பு வேண்டாமா?

வேண்டும்! பேரீச்சம்பழம் சேர்த்து வேகவைத்து, மேலே சூடான டாஃபிப் பாகு ஊற்றிய ‘ஸ்டிக்கி டாஃபி புட்டிங்’ கிடைக்கும். ஸ்ட்ராபெரியும் கிரீமும் கலந்த ‘ஈட்டன் மெஸ்’ கிடைக்கும். நான் சிபாரிசு செய்வது ‘பனோஃபி பை’. வாழைப்பழத்துக்கு ஆங்கிலத்தில் பனானா. அதோடு டாஃபியைச் சேர்த்தால் பனோஃபி. ஏதோ பழங்காலப் பண்டம்போல் இருக்கும். ஆனால் அது பிறந்தது 1970களின் தொடக்கத்தில்தான். தென் இங்கிலாந்தில் ஜெவிங்டன் என்ற கிராமத்தில் ‘பசித்த துறவி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறிய உணவகம் இருந்தது. அதன் முதலாளி நைஜல் மெக்கன்சியும் சமையல்காரர் இயன் டௌடிங்கும் சேர்ந்து உருவாக்கினார்கள். கண்டென்ஸ்டு மில்க் டப்பாவைத் திறக்காமலே பல மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டால், உள்ளே இருப்பது பழுப்பு நிற டாஃபியாகிவிடும். அதன் மேல் வாழைப்பழம், அதற்கு மேல் கிரீம். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் குட்டீஸ்! தண்ணீர் வற்றினால் டப்பா குண்டுபோல் வெடிக்கும்.)

பனோஃபி உலகமெல்லாம் பரவியதும் சில பெரிய கடைகள் இதை ‘அமெரிக்கப் பண்டம்’ என்று விற்க ஆரம்பித்தன. மெக்கன்சிக்கு வந்ததே கோபம்! ‘எங்களுக்கு முன்னால் யாராவது இதைச் செய்ததாக நிரூபித்தால் 10,000 பவுண்ட் பரிசு’ என்று அறிவித்துவிட்டார். அந்த உணவகத்தை இப்போது மூடிவிட்டார்கள். ஆனாலும் பனோஃபி பிறந்த இடம் இதுதான் என்று நீலநிறப் பலகை ஒன்றை அந்தச் சுவரில் பதித்திருக்கிறார்கள். இந்தச் சுவர்ப் பலகையை நம்பலாம்!

பில் வந்ததும் அப்பா கூர்ந்து பார்ப்பார். அடியில் ‘சேவைக் கட்டணம்’ என்று பல கடைகளில் பன்னிரண்டரை சதவீதம் சேர்த்திருப்பார்கள். ‘விருப்பப்பட்டால்’ என்று எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லவும் உரிமை உண்டு. நான் கொடுத்துவிடுவேன். ஏனென்றால், இப்படி வரும் பணத்தை வேலை செய்கிறவர்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2024 அக்டோபர் முதல் அங்கே சட்டம் இருக்கிறது. முதலாளி தன் பங்கு என்று அதில் ஒரு பென்னிகூட எடுக்க முடியாது.